1/25 அளவில் ஏ40 காஸர்: யாழ்ப்பாணத்துச் சாமான்களால் ஒரு டிராக் கார்

ஸ்லிக்_சுண்டிக்குளி

ஒஸ்ரின் ஏ40 ஒன்றை 1/25 அளவில் டிராக் கார் மொடலாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கிட் (பெட்டியில் வரும் மொடல் பாகங்கள்) எதுவும் இல்லை. எஞ்சின் மட்டும் ஒரு பழைய அமெரிக்கக் கிட்டில் மிஞ்சிய செவ்ரலே ஸ்மோல் புளொக் வி8. உடல், செசி, அச்சு, ரயர் எல்லாம் கைவேலை. பாதி முடிந்துவிட்டது, மிச்சத்துக்கு உங்கள் மூளை வேண்டும்.

புதியவர்களுக்கு: கால் மைல் நேர் பாதையில் இரண்டு கார்கள் நின்ற நிலையில் இருந்து சீறிப் பாய்வதுதான் டிராக் ஓட்டம். அதில் காஸ் (பெற்றோல்) வகுப்பு என்று ஒன்று இருந்தது. வீதியில் ஓடும் காரின் உடலோடு, பெற்றோல் ஊற்றித்தான் ஓட வேண்டும். 1950களின் கடைசியிலும் 60களிலும் அந்த வகுப்பில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற கார்களைத்தான் காஸர் என்பார்கள்.

ஏன் 1/25? ஏஎம்ரி, எம்பிசி, ரெவெல் என்று அமெரிக்கக் கார் கிட்டுகளில் கூடுதலானவை இந்த அளவுதான், ஆகவே உதிரிப்பாகம் ஒத்துவரும். இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒரு அங்குலம் 25.4 மிமீ, அதை 25ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1 மிமீ. உண்மைக் காரை அங்குலத்தில் அளந்து அதே எண்ணை மில்லிமீற்றரில் வெட்டினால் சரி. நீளமான அளவுகளுக்கு மட்டும் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஏ40இன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 92½ அங்குலம், மொடலில் 94 மிமீ.

கேள்விகள்: ஏ40 வகைகளில் சோமர்செற் உடலா டெவன் உடலா? மூக்கை எவ்வளவு தூக்கலாம்? இந்த மாரியில் பெயின்ற் அடிக்க வழி உண்டா?

ஒறிஜினல்_மட்டும்

கலியாண வீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் எங்களைக் கொண்டுபோன வாகனம் அது. அதற்குள் அமெரிக்க வி8ஐ வைத்து மூக்கைத் தூக்கிவிட்டால் ஏ40 என்று சொல்லாதீர்கள், கோமாளி என்று சொல்லுங்கள். கறுப்பிலோ சாம்பலிலோ உள்ளபடி கட்டினால் எவ்வளவு வடிவு!

ஸ்காபரோ_பெட்டி

இங்கே ஒரு திருத்தம். ஏ40ஐ டிராக் காராக்கியது சுண்டிக்குளித் தம்பியின் குறும்பு இல்லை, அமெரிக்காவில் உண்மையாகவே நடந்தது. போர் முடிந்த கையோடு பிரிட்டன் டொலருக்காகக் கார்களை ஏற்றுமதி செய்தபோது நான்கு கதவு டெவனும் இரண்டு கதவு டோர்செற்றும் அங்கே போயின. பழசாகி விலை விழுந்ததும் டிராக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். சின்ன உடல், பாரம் குறைவு, அச்சிடைத் தூரம் குறைவு. ஃபோர்ட் ஆங்லியா, தேம்ஸ் வான், வில்லிஸ் எல்லாவற்றையும் இதே காரணத்துக்காகத்தான் தேடினார்கள்.

சோமர்செற் வந்தது 1952இல். அதில் இரண்டு கதவுச் சலூனே இல்லை. அமெரிக்கக் காஸர் மாதிரி வேண்டுமென்றால் டெவன் அல்லது டோர்செற்தான். சோமர்செற்றில் கட்டினால் அது உங்கள் கற்பனைக் கார், அதிலும் குற்றமில்லை. ஆனால் 'உண்மையாக ஓடிய காரின் மொடல்' என்று எழுதி மாட்டாதீர்கள்.

பழைய_கராஜ்

ஒறிஜினல் தம்பி, கோபிக்காதை. 90களில் இங்கே ஓடிய ஏ40களை நீ கண்டிருக்க மாட்டாய். பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் ஏது? சூப்பிப் போத்தலில் வைத்திருக்கிற துளிப் பெற்றோலை காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினது. அமுக்கம் குறைந்த எஞ்சின் என்பதால் தட்டித் தட்டியாவது இழுத்தது. பின்னால் புகை. பாதிச் சாமான் லேத்தில் கடைந்தது, மிச்சம் வேறு வாகனத்தில் கழற்றியது. ஒறிஜினலாக ஓடிய ஒன்றையும் நான் காணவில்லை.

ஸ்லிக் தம்பி, உனக்கு ஒரு கேள்வி. ஏ40இன் முன்பக்கம் கொயில் ஸ்பிரிங் போட்ட தனிச் சஸ்பென்ஷன். மூக்கைத் தூக்க அதைக் கழற்றி எறிந்துவிட்டு, லொறிக்குப் போல நேர் அச்சும் லீவ் ஸ்பிரிங்கும் போட்டிருப்பார்கள். நீ அதைச் செய்தாயா, அல்லது சில்லை மட்டும் கீழே இறக்கி ஒட்டினாயா?

ஸ்லிக்_சுண்டிக்குளி

செய்துவிட்டேன் அண்ணை. அச்சு சைக்கிள் ஸ்போக். 2 மிமீ கம்பி, 1/25இல் இரண்டு அங்குலக் குழாயின் கணக்கு. லீவ் ஸ்பிரிங் யோகட் கப்பின் பக்கச் சுவரில் வெட்டிய கீலங்கள். பக்கத்துக்கு நான்கு, ஒன்றைவிட ஒன்று நீளம் குறைத்து அடுக்கியிருக்கிறேன்.

யோகட் கப் பற்றி ஒரு வார்த்தை. அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் பொலிஸ்ரைரீன், கிட்டில் வருகிற அதே பிளாஸ்ரிக். கிட் பசை, தின்னர் எல்லாம் பிடிக்கும். 5 என்று இருந்தால் பொலிபுரொப்பிலீன், தலைகீழாக நின்றாலும் ஒட்டாது. கப்பைச் சூடாக்கி நேராக்கப் பார்க்காதீர்கள், சுருங்கிவிடும். நேரான இடத்தை மட்டும் வெட்டி எடுங்கள்.

வடமராட்சி_வால்

மூக்கைத் தூக்கினால் காற்றுப் பிடிக்காதா? வேகமாகப் போக வேண்டிய காரை ஏன் அப்படி நிறுத்தினார்கள்? ஸ்ரைலுக்கா?

பழைய_கராஜ்

ஸ்ரைல் பிறகு வந்தது. கணக்கைப் பார். கார் முன்னே பாயும்போது பாரம் பின் சில்லுக்குத் தள்ளப்படும். எவ்வளவு என்றால்: காரின் எடையை முடுக்கத்தால் பெருக்கு, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் பெருக்கு, அச்சிடைத் தூரத்தால் வகு. 1,000 கிலோக் கார், முடுக்கம் 1 ஜி (புவியீர்ப்பின் அளவு), மையம் 60 சமீ உயரத்தில், அச்சிடை 2.35 மீற்றர் என்று வை. 255 கிலோ பின்னுக்குப் போகும். மையத்தை 75 சமீக்கு உயர்த்து, 319 கிலோ. அந்தக் காலத்து ரயர் பிடிமானம் குறைந்தது, ஆகவே பின் சில்லில் எவ்வளவு அழுத்தம் விழுகிறதோ அவ்வளவு நல்லது. ஏ40 குட்டைக் கார் என்பதும் இந்தக் கணக்கில் லாபம்தான், வகுக்கிற எண் சின்னது.

ரயர்கள் திறமாகியதும் அவ்வளவு உயரம் தேவைப்படவில்லை. 60களின் கடைசியில் கார்கள் தாழ்ந்துவிட்டன. நீ கேட்ட காற்றும் ஒரு காரணம்.

ஸ்காபரோ_பெட்டி

அண்ணை சொன்னதை மொடல் கட்டுகிறவர்கள் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். இணையத்தில் பார்க்கிற காஸர் மொடல்களில் பாதி, மூக்கு ஆகாயத்தைப் பார்க்கும், ஆனால் கீழே அச்சைத் தாங்க ஒன்றுமே இருக்காது. அல்லது பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கியிருப்பார்கள். டிராக் காரில் அலங்காரத்துக்கென்று ஒரு சாமானும் இல்லை. இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுக் கட்டினால் கார் தானாகவே சரியாக நிற்கும்.

எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதும் அப்படித்தான். பின் சில்லில் பாரம் வேண்டும் என்று எஞ்சினை இழுத்து ஓட்டுநரின் மடியில் வைக்க முடியாது. காஸ் வகுப்பில் அச்சிடைத் தூரத்தின் 10 வீதம்தான் பின்னே தள்ளலாம். முன் சில்லின் மையத்தில் இருந்து முதலாவது ஸ்பார்க் பிளக் வரை அளப்பார்கள். உங்கள் 94 மிமீக்கு 9.4 மிமீ. ஓல்ரேட் வகுப்பில் 25 வீதம் வரை விட்டார்கள், அது வேறு கார்.

ஸ்லிக்_சுண்டிக்குளி

அருமை. இப்போது முதல் பிளக் 7 மிமீயில் நிற்கிறது, இன்னும் இரண்டு தள்ள இடமுண்டு. ஃபயர்வோலை (எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையில் உள்ள தடுப்பு) வெட்ட வேண்டும். மூக்கு 4 மிமீ உயர்த்தியிருக்கிறேன், அதாவது உண்மையில் நான்கு அங்குலம். அதற்கு மேல் போனால் சிரிப்பாக இருக்கும் என்று படுகிறது.

உடல் எப்படிச் செய்தேன் என்று உள்பெட்டியில் சிலர் கேட்டிருந்தார்கள். இங்கேயே சொல்கிறேன்.

அச்சுக்கட்டை முள்முருக்கு. வேலியில் நிற்கிறது, காசில்லை. கன்னிக்காலுக்கு வெட்டிய மிச்சத் தடி என்றாலும் போதும், ஆனால் நன்றாகக் காய வேண்டும், பச்சையில் செதுக்கினால் வெடிக்கும். கத்தி வெண்ணெயில் போவதுபோலப் போகும் மரம், அதுதான் அதன் குறையும்: நார் பெரிது, துவாரம் பெரிது. செதுக்கி முடிந்ததும் கார்காரர் பள்ளம் நிரப்பப் பூசுகிற பட்டி இரண்டு பூச்சு, பிறகு 400ஆம் நம்பர் வோட்டர் பேப்பர் (தேய்க்கும் தாள்), மறுபடி பட்டி, 600. கட்டையில் உள்ள ஒரு கீறல் பிளாஸ்ரிக்கில் இரண்டாகத் தெரியும்.

பிறகு வாக்குவம். பலகைப் பெட்டி ஒன்று, மேல் தட்டில் 5 மிமீக்கு ஒரு துளை, பக்கத்தில் வாக்குவம் கிளீனர் குழாய். 1 மிமீ பிளாஸ்ரிக் தாளைச் சட்டத்தில் இறுக்கிச் சூடாக்க வேண்டும். முதலில் நெளியும், பிறகு திடீரென்று விறைக்கும், அதற்குப் பிறகு நடுவில் தொட்டில்போலத் தொய்யும். தொய்கிற அந்த நேரம்தான் நேரம். கட்டைக்கு மேலே அமத்தி வாக்குவத்தைப் போட்டால் கண் மூடித் திறக்கமுன் உடல் பிடித்துவிடும். கட்டை கீழே போகப் போக அகல வேண்டும், ஏ40இன் பக்கங்களோ கீழே உள்வாங்கும். ஆகவே கதவின் அரைவாசி உயரத்துக்கு மேலே ஒரு தனி அச்சுக்கட்டை, கீழ்ப் பாவாடைக்கு இன்னொன்று. இரண்டையும் தின்னரில் கரைத்த பிளாஸ்ரிக் குழம்பால் ஒட்டி அராவினேன்.

கதவுக் கோடு வெட்டவும் ஜன்னல் அறுக்கவும் நகை வேலைச் சாமான்களை மிஞ்ச எதுவும் இல்லை. கஸ்தூரியார் வீதிப் பக்கம் நகைப் பட்டறைக்காரர்கள் பாவிக்கிற ஊசி அரம், மயிர் வாள், கைத்துளையி மூன்றும் இருந்தால் பொழுதுபோக்குக் கடையே தேவையில்லை.

உடல் டெவன்தான். அளவு எடுக்கக் கிடைத்தது ஒரு சோமர்செற், செசிக்கு அது போதும். மேலுடம்பு படங்களைப் பார்த்து.

வயிண்டிங்_கடை

வயர் விசயம் என் பேட்டை. மோட்டர் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். பிளக் வயருக்குத் தடித்த நூலைப் போட்டு எஞ்சினைக் குப்பையாக்காதீர்கள். உண்மையான பிளக் வயர் 7 அல்லது 8 மிமீ. 25ஆல் வகுத்தால் 0.28, 0.32. எங்களிடம் 32ஆம் கேஜ் கம்பி 0.27, 30ஆம் கேஜ் 0.315. வேறெங்கும் போக வேண்டாம். எரிந்த மோட்டரில் கழற்றிய கம்பி கருகி உடையும், புதுசில் ஒரு முழம் கேளுங்கள், எந்தக் கடையிலும் சும்மா தருவார்கள். செம்பு என்பதால் வளைத்த வளைவில் நிற்கும். எனாமலுக்கு மேலே பெயின்ற் பிடிக்க வோட்டர் பேப்பரால் ஒரு இழுவை.

எந்த வயர் எங்கே போகும் என்று சொல்ல மெக்கானிக் அண்ணை வாருங்கள்.

பழைய_கராஜ்

செவ்ரலே ஸ்மோல் புளொக் என்றால் டிஸ்ரிபியூற்றர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்வது) பின்பக்கம், ஃபயர்வோலோடு ஒட்டி. சிலிண்டர் இலக்கம் ஓட்டுநர் பார்க்கிற திசையில் இடப்பக்கம் முன்னிருந்து 1, 3, 5, 7. வலப்பக்கம் 2, 4, 6, 8. தீப்பற்றும் ஒழுங்கு 1-8-4-3-6-5-7-2, டிஸ்ரிபியூற்றர் மூடிக்குள்ளே றோட்டர் மணிக்கூட்டுத் திசையில் சுற்றும். மூடியில் எட்டுத் துளை வட்டமாக, நடுவில் கொயில் வயருக்கு ஒன்று. கிரைஸ்லர் 426 ஹெமிக்கும் ஒழுங்கு இதேதான், ஆனால் டிஸ்ரிபியூற்றர் முன்னால். பழைய 392 ஹெமிக்குப் பின்னால். எஞ்சினை மாற்றுகிறவர்கள் கவனம்.

ஸ்லிக்_சுண்டிக்குளி

நன்றி அண்ணைமார். எக்ஸோஸ்ற் குழாய்க்கு ஈயக்கம்பி போட்டேன். 1.6 மிமீ சோல்டர், உண்மையில் 1⅝ அங்குலக் குழாயின் அளவு அப்படியே. பக்கத்துக்கு நான்கு, முன் மட்காட் குழிக்குள்ளால் வெளியே வரும். நுனியை 0.8 மிமீ துளையியால் கொஞ்சம் குடைந்தால் குழாய்போலத் தெரியும். ஈயம் என்பதால் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

எஞ்சினுக்கு மேலே 6-71 புளோவர் (கூடுதல் காற்றை உள்ளே தள்ளும் சுப்பர்சார்ஜர்) வைக்க ஆசை.

ஸ்காபரோ_பெட்டி

வையுங்கள், ஆனால் அப்போது வகுப்பு மாறும். கதவில் எழுதும் எழுத்துக்குப் பின்னால் சுப்பர்சார்ஜருக்கான எஸ் சேர வேண்டும், ஏ/ஜிஎஸ் என்று (ஜி காஸுக்கு). 6-71 உண்மையில் ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் எஞ்சினின் காற்றூதி. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம், அதுதான் அந்த இலக்கம். லொறி எஞ்சின்களில் இருந்து கழற்றி வந்து பெற்றோல் வி8க்கு மேலே ஏற்றியவர்கள் அவர்கள். நம்மூர்க் கராஜ் புத்திதான்.

பெல்ற்றுக்குப் பழைய கசற் நாடா சரிவரும். 3.8 மிமீ அகலம், 3 மிமீக்கு வெட்டினால் உண்மையான மூன்று அங்குல பெல்ற். பல் உள்பக்கம் இருப்பதால் வெளியே மொட்டையாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். மினுக்கத்தை மட்டும் மற் பெயின்ற் அடித்துக் கொல்லுங்கள்.

வடமராட்சி_வால்

'நைத்ரோ' என்று கதவில் நெருப்புப் படத்தோடு எழுதினால் கலக்கும் அண்ணை.

ஸ்காபரோ_பெட்டி

கலக்கும், ஆனால் வகுப்பில் இருந்து விலக்கிவிடுவார்கள். நைத்ரோமெதேன் ஊற்றினால் அது காஸ் வகுப்பு இல்லை. அந்த எரிபொருள் தன் ஒட்சிசனில் ஒரு பங்கைத் தானே கொண்டுவருகிறது. பெற்றோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், நைத்ரோவுக்கு 1.7 போதும். அதே காற்றுக்குப் பல மடங்கு எரிக்கலாம். அதெல்லாம் ரொப் ஃபியூவல், ஃபனி கார் என்ற அதிவேக வகுப்புக்காரர்களின் விளையாட்டு. அவர்களும் 2008இல் நடந்த மரண விபத்துக்குப் பிறகு கால் மைலை விட்டு 1,000 அடிதான் ஓடுகிறார்கள்.

தூரிகை_அக்கா

பெயின்ற் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்.

மாரியில் லக்கர் அடித்தால் வெள்ளை பூக்கும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் படிகிறது. கெதியில் காயும் தின்னரில் அது இன்னும் மோசம். மெதுவாகக் காயும் தின்னர் கேளுங்கள், வாகனப் பெயின்ற் கலக்கிற கடைகளில் உண்டு. மழை விட்ட மதியத்தில் அடியுங்கள், வாடைக்காற்று வீசும் இரவில் அடிக்காதீர்கள். பொறுமை இருந்தால் தை பிறக்கட்டும். சோளகம் வரைக்கும் தள்ளினால் தூசி, அதுவும் கூடாது.

வாகன லக்கர் பொலிஸ்ரைரீனைத் தின்னும். நேரே ஈரமாக அடித்தால் மேற்பரப்பு வெடித்துச் சிலந்தி வலை தெரியும். பிரைமரை தூரத்தில் இருந்து தூசிபோல இரண்டு மூன்று தரம், ஒவ்வொன்றும் காய விட்டு.

காஸருக்கு மிட்டாய்போல மினுங்கும் 'கான்டி' நிறம்தான் பொருத்தம். கீழே வெள்ளி அல்லது பொன், மேலே கண்ணாடிபோல ஊடு தெரியும் சிவப்பு. நகப்பூச்சில் ஊடுதெரியும் சிவப்பு விற்கிறார்களே, அதைத் தின்னரில் கரைத்து எயார்பிரஷில் போடுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் நிறம் ஆழமாகும், ஆகவே கதவுக்கும் மட்காட்டுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு இடத்தில் கூடினால் திட்டுத் தெரியும், பிறகு திருத்த வழியில்லை.

எழுத்துக்கு டெக்கல் (ஒட்டுப்படம்) வேண்டாம், நான் கையால் எழுதித் தருகிறேன். லொறிக் கதவில் எழுதியவள், 62 மிமீ அகலக் கார் பெரிய விசயமா? என்ன பெயர்?

ஸ்லிக்_சுண்டிக்குளி

'சூப்பி'.

பழைய_கராஜ்

சிரித்துச் சிரித்துக் கண்ணாடி விழுந்துவிட்டது தம்பி. பொன் எழுத்தில் எழுதச் சொல்.

வடமராட்சி_வால்

ரயர் என்ன? கிட்டில் வருகிற ரயர் மினுங்குமே.

ஸ்லிக்_சுண்டிக்குளி

மினுங்குவது மட்டுமில்லை, பழைய வைனைல் ரயர் சக்கரத்தையே உருக்கும். அதில் உள்ள மென்மையாக்கி எண்ணெய் வெளியே வந்து பொலிஸ்ரைரீனைக் கரைக்கிறது. நம்மூர் வெக்கையில் இன்னும் கெதி. கட்டாயம் அதைத்தான் போட வேண்டும் என்றால் சக்கரத்தைச் சுற்றி அலுமினியத் தாள் ஒட்டுங்கள்.

நான் போட்டது தேய்ந்த ரப்பர் செருப்பு. சின்ன வயதில் வண்டிச் சில்லு வெட்டுவோமே, அதேதான். கூரான குழாயால் வட்டம் வெட்டி, ஆணியில் கோத்து, ட்ரில்லில் சுழலவிட்டு வோட்டர் பேப்பர் பிடித்தால் 29 மிமீ விட்டம், 10 மிமீ அகலத்தில் ஸ்லிக் (வரிப்பள்ளம் இல்லாத) ரயர் வந்துவிடும். பிறகு கறுப்புச் சாயம். ஓடித் தேய்ந்த ரப்பரின் சாம்பல் கலந்த கறுப்பு தானாக வரும்.

வடமராட்சி_வால்

அப்படியென்றால் அதை ஓடவும் விடலாமே! செருப்பு ரப்பர் பிடிக்கும். ஒரு சின்ன மோட்டர் வைத்தால்?

வயிண்டிங்_கடை

மோட்டர் நான் தருகிறேன். ஸ்லொட் கார்க்காரர்கள் (தடத்தின் பள்ளத்தில் மின்சாரத்தால் சின்னக் கார் ஓட்டுகிறவர்கள்) இதைச் செய்கிறார்கள், அவர்களும் பஞ்சு ரப்பர் ரயர்தான். 1/24இல் கால் மைல் சரியாக 55 அடி. 1/25க்கு 52.8 அடி. ரிமோட்டில் 1/10 கார் ஓட்டுகிறவர்கள் 132 அடி ஓடுகிறார்கள், அதற்கு வீதி வேண்டும். 53 அடிக்கு ஒரு நீள விறாந்தை போதும். நடுவில் ஒரு நைலோன் நூலை இறுக்கிக் கட்டி, காரின் அடியில் இரண்டு வளையம் போட்டு நூலில் கோர்த்தால் நேராகப் போகும்.

பழைய_கராஜ்

போகும், நிற்குமா? மறுபக்கம் சுவர் இருக்கிறது. தலையணை வையுங்கள். அந்த நேர் அச்சு முதல் ஓட்டத்திலேயே கழரும். காட்சிக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று என்று இரண்டாகக் கட்டு. கட்டை இருக்கிறதுதானே, இன்னொரு உடல் இழு.

ஒறிஜினல்_மட்டும்

இரண்டாவது உடல் இழுக்கிறீர்கள் என்றால் மூன்றாவதும் ஒன்று இழுங்கள், எனக்கு. வி8 வேண்டாம், மூக்கு வேண்டாம். 1200 சிசி, சாம்பல் நிறம். கட்டை நன்றாக வந்திருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்லிக்_சுண்டிக்குளி

இழுத்துத் தருகிறேன், பிளாஸ்ரிக் தாள் உங்கள் செலவு. ஜன்னல் திறந்து தருவேன், கதவுக் கோடு நீங்களே வெட்ட வேண்டும்.

ஸ்காபரோ_பெட்டி

அடுத்த மாதம் கார்கோப் பெட்டி போடுகிறேன். புளோவர் கப்பி, இரண்டு காற்று ஸ்கூப், குரோமுக்கு ஒட்டுகிற மெல்லிய உலோகத் தாள் சேர்க்கலாம். ஸ்பிரே டின் கேட்காதீர்கள், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். வேறு என்ன வேண்டும்?

ஒறிஜினல்_மட்டும்

அந்த உலோகத் தாள் இரண்டாகப் போடுங்கள் அண்ணை. என்னுடைய கிறில் முழுக்க குரோம்.